மதகுக் கம்பியில ஒரு மீன்கொத்தி

கேள்வி: அக்கா, நான் கடலூர் மஞ்சக்குப்பம், வயசு 28. எட்டு மாசம் முன்னாடி இஎம்ஐ-ல ஒரு கேமராவும் 70-300 லென்ஸும் வாங்கினேன். ஞாயித்துக்கிழமை ஆனா பாண்டி ஊசுட்டேரிக்குப் போயிடுவேன், நாலு மணி நேரம் நிப்பேன், உருப்படியா ஒரு படம் கிடைக்கல. எல்லாம் புள்ளி புள்ளியா, மங்கலா இருக்கு. கூட வர்ற நண்பர்கிட்ட 600 எம்எம் பெரிய லென்ஸ் இருக்கு, அவருக்கு நல்லா வருது. போன வாரம் வேற ஒருத்தர் கல்லெறிஞ்சு பறவைங்கள கிளப்பி விட்டார், அன்னிக்குதான் எனக்கு பறக்குற படம் ஒண்ணு அமைஞ்சுது. உனக்குப் பொறுமை இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. நாலு மணி நேரம் அங்க என்னதான் பண்றேன்னு வீட்லயும் தினம் பேச்சு. லோன் போட்டு பெரிய லென்ஸ் வாங்கட்டுமா, இல்ல இதோட விட்டுடட்டுமா? எடுத்த படங்கள அனுப்பியிருக்கேன். அப்புறம், தேவனாம்பட்டினத்துல ராத்திரி பங்குனி ஆமை எடுக்கலாமா? (பேர் வேண்டாம்)

பதில்:

தம்பி, லோன் போடாதீங்க. விட்டும் விடாதீங்க.

நீங்க அனுப்பின படம் எல்லாத்தையும் ஒண்ணு விடாம பெருசாக்கிப் பாத்தேன். ஒவ்வொண்ணுலயும் எடுத்த நேரம் பதிஞ்சிருக்கு, 9.50, 10.40, 11.15 இப்படி. கடலூர்லேந்து ஏழரைக்குக் கிளம்பி, பாண்டி டிராஃபிக்ல மாட்டி, நடுவுல ஒரு டீயக் குடிச்சுட்டு ஏரிக்குப் போனா ஒன்பதரை ஆகத்தான் செய்யும். அதுக்குள்ள வெயில் ஏறி கரை சூடாகி, தண்ணி மேல கானல் எழும்ப ஆரம்பிச்சுடும். தார் ரோட்டுல தூரத்துல தண்ணி அலையடிக்கிற மாதிரி தெரியும் பாருங்க, அதே கானல்தான். உங்களுக்கும் நடுத்தண்ணியில நிக்கிற கூழைக்கடாவுக்கும் நடுவுல இருக்குற இருநூறு முந்நூறு மீட்டர் காத்து முழுக்க நெளிஞ்சுக்கிட்டு இருக்கு, அந்த நெளிவத்தான் உங்க லென்ஸ் படம் பிடிச்சிருக்கு. ஃபோகஸ் தப்பில்ல, கை ஆட்டமும் இல்ல. நீங்க 600 எம்எம் வச்சிருந்தாலும் இதே நெளிவு ரெண்டு மடங்கு பெருசாத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். உங்க நண்பருக்கு நல்லா வர்றது லென்ஸால மட்டும்தானா, அவர் எத்தன மணிக்கு அங்க போய்ச் சேருறார், எங்க உக்காருறார்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

அந்தக் கல்லு விஷயத்த என்னால சும்மா தாண்டிப் போக முடியல. நீங்க எறியல, ஆனா அதுல வந்த படத்த வச்சிருக்கீங்க, எனக்கும் அனுப்பியிருக்கீங்க. அத இன்னொரு தடவ நிதானமா பாருங்க, அதுல இருக்குற அத்தன வாத்தும் உங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு போகுது, ஒரு கண்ணு கூடத் தெரியல, வெறும் வாலும் ரெக்கையும்தான். பயந்து ஓடுற பறவை யாரையும் திரும்பிப் பாக்காது. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் சைபீரியா வரைக்கும் இருக்குற வடதேசத்துலேந்து இங்க வந்து, தை மாசி வரைக்கும் தின்னு உடம்புல கொழுப்பு சேத்துக்கிட்டுதான் திரும்பிப் போகும். ஒவ்வொரு தடவ கிளப்பி விடும்போதும் அந்தச் சேமிப்புலேந்து கொஞ்சம் எரிஞ்சு போகுது, ஒரே ஞாயித்துக்கிழமையில நாலு கேமராக்காரங்க நாலு தடவ கிளப்புனா யோசிச்சுப் பாருங்க. ஊசுட்டேரிய 2008-லயே பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சாச்சு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ள உயிரினங்களச் சீண்டுறதே குத்தம். அடுத்த தடவ யாராவது கல்ல எடுத்தா கையப் பிடிங்க. அந்தப் படத்த அழிச்சுடுங்கன்னு நான் கேட்டுக்குறேன், முடிவு உங்களோடது.

பறக்குற படம் வேணும்னா அதுக்கு நேர்மையான வழி இருக்கு, அத நிறைய பேர் சொல்லித் தர்றதில்ல. பறவை பெரும்பாலும் காத்த எதுத்துத்தான் எழும்பும், காத்த எதுத்துத்தான் இறங்கும். இப்போ மார்கழி, வாடைக்காத்து அடிக்குது. கிழக்குக் கரையில போய் உக்காந்தா காலையில சூரியனும் முதுகுப் பக்கம், காத்தும் ஏறக்குறைய முதுகுப் பக்கம். தானா எழும்புற பறவை உங்கள பாத்துத்தான் எழும்பும், அதோட முகத்துல வெளிச்சம் விழும். யாரும் கிளப்ப வேண்டாம். எழும்புறதுக்கு முன்னாடி அதுவே சொல்லிடும், உடம்ப நீட்டும், கழுத்த நிமித்தும், பாதி நேரம் எச்சம் போடும், அப்போ விரல் ஷட்டர் மேல இருந்தாப் போதும்.

உங்களுக்குப் பொறுமை இல்லைன்னு சொல்றவங்க பேச்ச நான் ஒத்துக்க மாட்டேன். எட்டு மாசமா வாராவாரம் போற ஆளுக்கு பொறுமை இல்லைன்னா வேற யாருக்கு இருக்கு? ஆனா நீங்க நாலு மணி நேரம் நிக்கல தம்பி, நடக்குறீங்க. படத்தோட பின்னணிய வச்சே சொல்லிடலாம், பத்து நிமிஷத்துக்கு ஒரு இடம், இங்க ஒண்ணும் இல்ல அங்க போவோம், அங்க போனதும் இங்க ஏதோ பறக்குது, திரும்ப ஓடி வர்றது. கரை மேல நடக்குற மனுஷன் ஏரியில இருக்குற எல்லாப் பறவைக்கும் தெரிவான், நீங்க போகப் போக உங்களுக்கு முன்னாடி இருக்குறதெல்லாம் உள்ள தள்ளிப் போய்க்கிட்டே இருக்கும்.

எனக்கு இது புரிஞ்சது பாகூர் பக்கம் ஒரு வாய்க்கால் மதகுல. மதகுக் கதவ ஏத்தி இறக்குற அந்தத் துருப்பிடிச்ச திருகுக் கம்பி மேல வெள்ள வெள்ளையா எச்சம் காஞ்சு கிடந்துச்சு. எச்சம் ஒரே இடத்துல குவிஞ்சிருந்தா அங்க ஒரு பறவை தினம் வந்து உக்காருதுன்னு அர்த்தம். கம்பியிலேந்து ஒரு பதினஞ்சு அடி தள்ளி, நாணல் ஓரமா உரச்சாக்க விரிச்சு உக்காந்தேன். முதல் நாள் ஒண்ணுமே வரல. ரெண்டாவது நாள் கீச்னு ஒரு சத்தம், நீலமா ஒரு கோடு, என்னப் பாத்துட்டு திரும்பிப் போயிடுச்சு. மூணாவது தடவையும் அப்படித்தான். நாலாவது தடவ கேமராவ பையிலேந்து எடுக்கவே இல்ல, சும்மா உக்காந்திருந்தேன், ஒரு இருபத்தஞ்சு நிமிஷம் போயிருக்கும், வந்து உக்காந்துச்சு பாருங்க. சின்ன மீன்கொத்தி, நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி, முப்பது கிராம் இருந்தாலே அதிகம். தலைய மேலயும் கீழயும் ஆட்டி ஆட்டி தண்ணிய அளக்குது, சட்டுனு ஒரு குதி, திரும்ப அதே கம்பி, அலகுல ஒரு கெண்டக்குஞ்சு. அந்த மீன இப்படியும் அப்படியும் கம்பியில அடிக்குது, இரும்புல டிக் டிக்னு சத்தம் கேக்குது, அடிச்சு அடங்கினதும் திருப்பி, தல முதல்ல போற மாதிரி வச்சு ஒரே முழுங்கு. ஏன் தல முதல்லன்னா, அப்பதான் மீனோட துடுப்பும் செதிலும் தொண்டையில குத்தாது.

அதுக்கப்புறம் வாரத்துல ரெண்டு நாள் போனேன். ஒரு நாள் பங்குனி மாசம், அதே கம்பி, அதே பறவை, மீன அடிச்சுது, திருப்புச்சு, ஆனா இந்தத் தடவ மீனோட தலை வெளிப்பக்கம் பாத்திருக்கு. முழுங்கல. அலகுல வச்சபடியே உக்காந்திருக்கு. மீன்கொத்தி அப்படிப் பிடிச்சிருந்தா அது தனக்கில்ல, ஜோடிக்கோ குஞ்சுக்கோ ஊட்டுறதுக்கு, வாங்குற வாயில தல முதல்ல போகணும்ல. எனக்கு சந்தோஷம் தாங்கல, நல்ல வெளிச்சம், பின்னணி பூரா பச்சை, படபடன்னு எடுத்துக்கிட்டே இருந்தேன். அது போகவே இல்ல. அஞ்சு நிமிஷம் மீன வச்சுக்கிட்டே உக்காந்திருக்கு, நடுநடுவுல கத்துது, எனக்குப் பின்னாடி இருந்த மண்கரையப் பாக்குது. அப்பதான் உறைச்சுது, வளை எனக்குப் பின்னாடி இருக்கு, நான் வழிய மறிச்சு உக்காந்திருக்கேன். உள்ள பசியோட குஞ்சுங்க. சாக்கச் சுருட்டிக்கிட்டு குனிஞ்சபடியே எழுந்து வந்துட்டேன், ரோட்டுக்கு வந்து திரும்பிப் பாத்தா கம்பி காலி. அந்த வருஷம் மழை ஆரம்பிக்கிற வரைக்கும் அந்த மதகுப் பக்கம் நான் போகல. அந்த இடத்த யாருக்கும் சொல்லவும் இல்ல, இன்னிக்கும் எந்த வாய்க்கால்னு உங்களுக்குச் சொல்லப் போறதில்ல. கூட்ட, முட்டைய, குஞ்சப் படம் எடுக்குறத அடியோட விட்டுடுங்க, ஒருத்தர் எடுத்துப் போட்டா அடுத்த வாரம் அங்க பத்து பேர் நிப்பாங்க.

இப்போ உங்களுக்கு நான் சொல்ற வேல இது. பாண்டி வரைக்கும் போகாதீங்க. உங்க ஊருக்குள்ளயே கெடிலம் ஓடுது, உப்பனாறு இருக்கு, தாழங்குடா பக்கம் பெண்ணையாறு கடல்ல சேருது, வண்டிய எடுத்தா பெருமாள் ஏரி. இதுல ஒண்ணே ஒண்ணப் பிடிங்க, பத்து வாரம் அந்த ஒரே இடம்தான். அஞ்சே முக்காலுக்கு வீட்ட விட்டுக் கிளம்பினா மார்கழியில சூரியன் வர்றதுக்குள்ள உக்காந்துடலாம், எட்டேகாலுக்கு மூட்டையக் கட்டிடுங்க, வெளிச்சமும் அதோட கடுமையாயிடும். டிபனுக்கு வீட்ல இருப்பீங்க. நாலு மணி நேரம்ங்கிறது ரெண்டரை ஆயிடும், ஞாயித்துக்கிழமை பகல் முழுக்க அவங்களுக்கு. ஒரு நாள் கூட்டிக்கிட்டும் போங்க, ஆனா படம் எடுக்குறத வேடிக்க பாக்க இல்ல, ஒரு பைனாகுலர அவங்க கையில குடுத்து முதல்ல பாக்க விடுங்க.

முதல் ரெண்டு வாரம் மட்டும் விதிவிலக்கு, பறவையே வேண்டாம். உப்பனாத்துச் சேத்துல தண்ணி வடியுற நேரத்துக்குப் போங்க, அங்க ஒரு கை மட்டும் உடம்பளவு பெருசா இருக்குற சின்ன நண்டுங்க இருக்கும், ஆணுக்குத்தான் அந்தப் பெரிய கை. நீங்க காலடி வச்சதும் அத்தனையும் வளைக்குள்ள போயிடும், சேறு வெறிச்சோடிப் போயிடும். கிட்டப் போய் சாக்கு விரிச்சுப் படுத்துடுங்க. அசையாதீங்க, கொசு கடிச்சாலும் பொறுத்துக்குங்க. ஒரு பத்து பதினஞ்சு நிமிஷத்துல ஒரு கண்ணு மட்டும் எட்டிப் பாக்கும், அப்புறம் ஒரு நண்டு, அப்புறம் அந்தச் சேறு பூராவும் திரும்ப உயிர் வந்து, ஆண் நண்டெல்லாம் பெரிய கைய வா வான்னு ஆட்ட ஆரம்பிக்கும். நீங்க கைய தூக்குனீங்கன்னா மறுபடி எல்லாம் காலி, திரும்ப பதினஞ்சு நிமிஷம். ஒரே காலையில இத ஆறேழு தடவ பழகிடலாம், எந்த அளவு அசைவ அது தாங்கும், எதத் தாங்காதுன்னு உங்க உடம்புக்கே தெரிஞ்சுடும். 300 எம்எம் இதுக்கு தாராளம். கேமராவ தரையோட தரையா, நண்டோட கண்ணு மட்டத்துக்கு வைங்க, பழைய ஜீன்ஸ் கால் ஒண்ண வெட்டி புளியங்கொட்டைய நிரப்பித் தச்சுட்டீங்கன்னா அதவிட நல்ல ஸ்டாண்டு கிடைக்காது.

மூணாவது வாரத்துலேந்து எச்சம் காஞ்ச குச்சியோ கல்லோ தேடுங்க, ஆனா கேமராவத் தொடாதீங்க, ஒரு நோட்டு மட்டும். எத்தன மணிக்கு வந்துச்சு, எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு நேரம் உக்காந்துச்சு, எத்தன தடவ குதிச்சுது, எத்தன தடவ மீன் கிடைச்சுது. அஞ்சாவது வாரம் கேமரா. உக்காந்திருக்குற பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 செகண்டு போதும், தண்ணியில பாயுறதுக்கு 1/2000-ஐ விட மெதுவா வேண்டாம், ஐஎஸ்ஓ (வெளிச்சத்த கேமரா உணருற அளவு) ஏறினா ஏறட்டும், மங்கலவிட புள்ளி தேவலாம்.

மா. கிருஷ்ணன்னு ஒருத்தர் இருந்தார், 1912-லேந்து 1996 வரைக்கும், நம்ம சென்னைக்காரர், 1970-ல பத்மஸ்ரீ வாங்கினவர். பல கேமராக்களோட பாகத்தச் சேத்து தானே ஒரு கேமராவ அமைச்சுக்கிட்டு, காட்டுக்குள்ள நடந்தும் யானை மேல போயும், கருப்பு வெள்ளையில காட்டு யானைங்கள எடுத்தவர். கிடைச்சா அவர் எடுத்த படங்களப் பாருங்க. அதுல யானை தன் வேலையப் பாத்துக்கிட்டு இருக்கும்.

தேவனாம்பட்டினத்துல ராத்திரி பங்குனி ஆமை எடுக்கலாமான்னு கடைசியா ஒரு வரி கேட்டிருந்தீங்க. ஃபிளாஷ், டார்ச், செல்போன் லைட்டு எதுவும் கூடாது, வெளிச்சத்தப் பாத்தா முட்டையிட வந்த ஆமை திரும்பிப் போயிடும், குஞ்சுங்க வெளிச்சம் இருக்குற பக்கம் ஊருக்குள்ள ஏறிடும். வனத்துறைக்காரங்க பொரிப்பகத்துலேந்து காலையில குஞ்சுங்கள கடல்ல விடும்போது அவங்க அனுமதியோட எடுங்க.

லென்ஸ் விஷயத்த அடுத்த மார்கழிக்குப் பேசிக்கலாம், அதுக்குள்ள இஎம்ஐ-யும் பாதி அடைஞ்சிருக்கும். அதுவரைக்கும் எனக்குப் படம் வேண்டாம் தம்பி, அந்த நோட்டுல முதல் நாலு பக்கத்த அனுப்புங்க, எந்தக் குச்சி, எத்தன மணின்னு இருந்தாப் போதும், இடத்தோட பேர மட்டும் கோடு போட்டு அடிச்சுட்டு அனுப்புங்க.