டாம்கேட்டை நிறுத்தாமல் கான்ஃபிக் ஃபைலை மாற்றுவது எப்படி?

டாம்கேட் என்ற சர்வரில் ஓடும் ஜாவா வெப் அப்ளிகேஷனில், சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமலே பிராப்பர்ட்டீஸ் ஃபைல் என்ற கான்ஃபிக் ஃபைலின் புது மதிப்புகள் வர வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஃபைலை மறுபடி படிப்பது சுலபம். நடந்துகொண்டிருக்கும் கணக்குக்கு நடுவில் மதிப்பு மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் லோரிகளை எடை போடும் அப்ளிகேஷனை நான் பார்த்துக்கொள்கிறேன். குலையின் டன் விலை, காய்க்குலைக்கும் நீளக் காம்புக்கும் பிடிக்கும் கழிவு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கின்றன. விளைச்சல் கூடும் மாதங்களில் லோரிகள் சாலைவரை வரிசை கட்டி நிற்கும். அப்போது போய் கிராணியிடம் (எழுத்தரிடம்) ரீஸ்டார்ட் என்று சொல்ல முடியாது.

முதலில் ஃபைலை வார் ஃபைலுக்குள் (அப்ளிகேஷன் முழுவதையும் கட்டிய தொகுப்பு) வைக்காமல் வெளியே ஒரு ஃபோல்டரில் வையுங்கள். டாம்கேட்டின் ‘ரீலோடபிள்’ வசதி இதற்கு உதவாது. கிளாஸ், ஜார் என்ற ஜாவா நிரல் ஃபைல்கள் மாறினால் அது அப்ளிகேஷன் முழுவதையும் இறக்கி ஏற்றும். புரொடக்‌ஷனில் அதைப் போட வேண்டாம் என்று டாம்கேட் ஆவணமே சொல்கிறது.

மாற்றத்தைக் கண்டுபிடிக்க ஜாவா 7 முதல் வாட்ச்சர்வீஸ் என்ற கண்காணிப்பு வசதி இருக்கிறது. அதில் பதிவு செய்வது ஃபோல்டரைத்தான், தனி ஃபைலை அல்ல. சில எடிட்டர்கள் தற்காலிக ஃபைலில் எழுதிப் பெயர் மாற்றுவதால் ‘மாடிஃபை’யோடு ‘கிரியேட்’ நிகழ்வையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் வாட்ச்சர்வீஸ் தரும் கீயை ரீசெட் செய்யாவிட்டால் அடுத்த நிகழ்வு வராது. நெட்வொர்க் ஷேரில் இதை நம்ப முடியாது. நான் 30 விநாடிக்கு ஒருமுறை ஃபைலின் மாற்ற நேரத்தைப் பார்ப்பதோடு சரி. விலைக்கு அது தாராளம். பின்னணியில் இதைப் பார்க்கும் த்ரெட்டை, அப்ளிகேஷன் தொடங்கும்போதும் நிற்கும்போதும் அழைக்கப்படும் சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் லிசனரில் தொடங்கி அங்கேயே நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ரீடெப்ளாய் செய்தபின் (அப்ளிகேஷனை மறுபடி ஏற்றியபின்) கிளாஸ்களை ஏற்றிய பழைய கிளாஸ்லோடர் மெமரியிலேயே தங்கிவிடும்.

இனி முக்கியமான இடம். ஃபைலை முழுவதும் படித்து, எண்களாக மாற்றி, சரிபார்த்து, பிறகு மாறாத ஒரு புது ஆப்ஜெக்ட்டாகக் கட்டுங்கள். அதை ஒரு வாலட்டைல் மாறியில் (புது மதிப்பு எல்லா த்ரெட்டுக்கும் உடனே தெரியும் மாறி) ஒரே அசைவில் மாட்டுங்கள். பிழை இருந்தால் பழையதே தொடரட்டும், லாகில் எழுதுங்கள். ஃபைல் பாதி எழுதப்பட்ட நிலையில் படித்தால் 850 ரிங்கிட் 85 ஆகத் தெரியலாம். அதனால் விலைக்குக் கீழெல்லை, மேலெல்லை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் தொடக்கத்தில் அந்த ஆப்ஜெக்ட்டை ஒருமுறை எடுத்துக் கடைசிவரை அதையே பயன்படுத்த வேண்டும். விலை பழையதும் கழிவு புதியதுமாகக் கலந்த ரசீது சிறுதோட்டக்காரர் கைக்குப் போகவே கூடாது.

இதுவும் போதாது. லோரி பாரத்தோடு ஒருமுறை, பழத்தைக் கொட்டியபின் காலியாக ஒருமுறை எடை நிற்கும். அவை இரண்டு தனி ரிக்வெஸ்ட். நடுவில் விலை மாறிவிடலாம். எந்த விலை செல்லும் என்பதை ஆலை நிர்வாகம் சொல்ல வேண்டும், புரோகிராமர் அல்ல. எங்கள் ஆலையில் உள்ளே வந்த நேரத்து விலைதான். அதனால் முதல் எடையோடு ஃபைலின் பதிப்பு எண்ணையும் டேட்டாபேஸில் சேமிக்கிறோம், பழைய பதிப்புகளையும் வைத்திருக்கிறோம்.

போர்ட் எண், கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு) அளவு போன்றவை தொடங்கும்போது ஒருமுறைதான் படிக்கப்படும். அவற்றை இந்த வழிக்குள் இழுக்காதீர்கள். லோரி வராத நேரம் பார்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.