பழைய டெலிக்ரான் மின்கடிகாரத்தின் மோட்டாரைச் சரிசெய்ய முடியுமா? இந்தியாவுக்கு எடுத்துப்போனால் ஓடுமா?

முதல் கேள்விக்கு: முடியும், அதுவும் வீட்டிலேயே. இரண்டாவதற்கு: ஓடும், ஆனால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். நியூ ஜெர்சியில் வாங்கிய வீட்டின் சமையலறையில், முன்பு இருந்தவர்கள் விட்டுவிட்டுப் போன வட்டமான சுவர்க்கடிகாரம். பின்பக்கம் டெலிக்ரான் என்ற பெயரும் 120 வோல்ட், 60 சைக்கிள், 2 வாட் என்ற எழுத்தும் இருக்கின்றன. கறகறவென்று சத்தம் போடுகிறது, சில நாள் காலையில் மெதுவாக ஓடுகிறது, சில நாள் நின்றேவிடுகிறது. கடைக்காரர் "மோட்டார் போச்சு, உள்ளே குவார்ட்ஸ் மெஷின் வைத்துத் தருகிறேன்" என்கிறார்.

தயவுசெய்து வைக்க விடாதீர்கள். அந்த மோட்டார் போகவில்லை. எண்ணெய்தான் போயிருக்கிறது.

இந்தக் கடிகாரத்துக்குள் ஊசல் கிடையாது, சுருள்வில் கிடையாது, குவார்ட்ஸ் படிகம் கிடையாது. நேரத்தைக் கணக்கிடும் பொருள் என்று உள்ளே எதுவுமே இல்லை. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது, அப்படி ஒரு முறை போய் வருவதுதான் ஒரு சைக்கிள். இரண்டு துருவ மோட்டார் அதோடு ஒட்டிக்கொண்டு நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றும். அந்த 3600-ஐ ஒரே ஒரு சுற்றாகக் குறைப்பது குட்டிப் பல்சக்கரங்களின் வேலை. குறைந்து வருவதுதான் நொடி முள். (சில மாடல்களில் வெளியே வருவது 3.6 சுற்று. மிச்சத்தை வெளியிலுள்ள சக்கரங்கள் பார்த்துக்கொள்ளும்.) அதாவது உண்மையான கடிகாரம் மின் நிலையத்தில் இருக்கிறது. உங்கள் சுவரில் இருப்பது அதன் முள் மட்டும்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மாசசூசெட்ஸின் ஆஷ்லண்ட் ஊரைச் சேர்ந்த ஹென்றி வாரன். தானாகவே ஓடத் தொடங்கும் சின்ன மோட்டார் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். ஆனால் அன்றைய மின் நிலையங்கள் 60 என்று சொன்னதே தவிர 60-இல் நிறுத்தி வைக்கவில்லை. விளக்கு எரிந்தால் போதும், துல்லியம் யாருக்கு வேண்டும்? வாரன் மின் நிலையத்துக்கே ஒரு கடிகாரம் செய்து கொடுத்தார். ஒரே முகப்பில் இரண்டு முள். ஒன்றை ஊசல் ஓட்டும், மற்றதை அந்த நிலையத்தின் மின்சாரமே ஓட்டும். இரண்டும் விலகினால் பணியில் இருப்பவர் டர்பைனைக் கொஞ்சம் முடுக்கியோ தளர்த்தியோ ஒன்றுசேர்த்துவிட வேண்டும். 1916 அக்டோபரில் பாஸ்டன் எடிசன் நிலையத்தில் அது வேலையைத் தொடங்கியது. டெலிக்ரான் அவருடைய நிறுவனத்தின் கடிகாரம்தான். பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக்கும் (ஜிஇ) அவரோடு சேர்ந்தது. அதனால்தான் பழைய ஜிஇ கடிகாரங்களைத் திறந்தாலும் உள்ளே இதே மோட்டாரைப் பார்ப்பீர்கள். ஆஷ்லண்ட் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கு இன்றைக்கும் 'கிளாக்கர்ஸ்' என்றுதான் பெயர்.

மோட்டாருக்குத் துல்லியம் என்ற பொறுப்பே இல்லை, மின்சாரத்தோடு கூடவே சுற்றினால் போதும் என்று இதிலிருந்து புரிந்திருக்கும். ஆகவே பழுது என்றால் மூன்று வகைதான். காயிலுக்கு (கம்பிச்சுருளுக்கு) மின்சாரம் வரவில்லை, ரோட்டர், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதி, உள்ளே சிக்குகிறது, அல்லது வெளியே முள்ளை ஓட்டும் சக்கரங்கள் சிக்குகின்றன. காலையில் மெதுவாக ஓடி, சூடான பின் சரியாகிறது என்றால் அது ஏறக்குறைய உறுதியாக இரண்டாவது வகை. எண்ணெய் பிசினாகி ரோட்டரைப் பிடித்து இழுக்கிறது, அதனால் 3600-ஐ எட்ட முடியவில்லை. கறகற சத்தமும் அதே எண்ணெய் விவகாரம்தான். ஓரிடத்தில் கெட்டிப்பட்டு, இன்னோரிடத்தில் வறண்டிருக்கிறது.

எதற்கும் முன்னால் பிளக்கைப் பிடுங்கி ஒயரைப் பாருங்கள். ரப்பர் ஒயர் என்றால் இத்தனை வருடத்தில் மொறுமொறுவென்று உடையும் நிலையில் இருக்கும். அதை மாற்றாமல் மோட்டாரைத் தொடுவதில் அர்த்தமில்லை. எர்த் இணைப்பு கிடையாது, சட்டமோ உலோகம், இடமோ சமையலறை. முள்ளிலும் எண்களிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பூச்சில் ரேடியம் இருக்க வாய்ப்பு உண்டு. சுரண்டாதீர்கள், துடைக்காதீர்கள், ஊதாதீர்கள். முகப்பைத் தனியே எடுத்துப் பையில் போட்டு மூடி வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

அடுத்து காயில். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பிளக்கின் இரண்டு கால்களிலும் பிடியுங்கள். சில நூறு ஓம்ஸோ அதற்கு மேலோ காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டவில்லை என்றாலும் உடனே கைகழுவ வேண்டாம். பெரும்பாலும் கம்பி அறுந்திருப்பது சுற்றுக்குள்ளே அல்ல, தடித்த ஒயரும் மயிரிழைக் கம்பியும் சேரும் இடத்தில். மேல் துணி நாடாவைப் பிளேடால் மெதுவாக விலக்கினால் இணைப்பு தெரியும். கம்பியின் எனாமலைச் சுரண்டிச் சால்டர் வைத்து மறுபடி சுற்றிவிடலாம். உள்ளேயே அறுந்திருந்தால்? நம்மூர் காயில் கட்டும் கடையில் மிக்ஸி, பம்ப் மோட்டார் எல்லாம் கட்டிக் கொடுப்பார்கள்தான். ஆனால் இதில் மயிரிழைக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும், நடுவில் ஒரு முறை அறுந்தால் முதலிலிருந்து. அதற்குப் பதில் உடைந்த கடிகாரம் ஒன்றைப் பழைய பொருள் சந்தையில் வாங்கி அதன் காயிலைக் கழற்றிப் போடுவது மேல். வோல்ட்டும் வாட்டும் ஒத்துப்போக வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் கடிகாரம் ஓடுகிறது என்பதால் காயில் நன்றாகத்தான் இருக்கிறது. எனவே நேராக ரோட்டருக்கு வருவோம்.

காயிலும் இரும்புத் தகடுகளும் இருக்கும் பகுதியின் திருகுகளைக் கழற்றினால், நடுவில் செருகியிருக்கும் மூடிய உலோகக் குப்பி ஒன்று வெளியே வரும். ஒரு பக்கம் குறுகலாக இருக்கும், அதற்குள் ரோட்டர். மறுபக்கம் அகலமாக இருக்கும், அதற்குள் பல்சக்கரங்கள். அகலப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பல்லச்சு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கையால் திருப்பிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். திருப்பாதீர்கள். மெதுவாகச் சுற்றும் முனையிலிருந்து 3600 மடங்கு வேகமுள்ள முனையை ஓட்டப் பார்க்கிறீர்கள், பல் உடையும். இடமும் வலமும் லேசாக ஆடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். குப்பி வெளியே இருக்கும்போதே முள் பக்கத்துச் சக்கரங்களைச் சோதித்துவிடுங்கள். எங்கும் இடறாமல் சுற்ற வேண்டும். சமையலறைக் கடிகாரம் என்றால் எண்ணெய்ப் புகை படிந்து அங்கும் பிசுக்கு இருக்கும். துடைத்து எடுத்துவிட்டு அச்சுகளுக்கு மட்டும் ஊசி முனையளவு எண்ணெய்.

இந்தக் குப்பிதான் வாரனின் உண்மையான கெட்டிக்காரத்தனம் என்பேன். உள்ளே நெருக்கமாக அடுக்கிய தகடுகளின் இடைவெளியில் எண்ணெய் தானாகவே ஏறிப் பிடித்துக்கொள்ளும். பல்லும் அச்சும் எப்போதும் நனைந்தே இருக்கும். பதிற்றாண்டுகள் அப்படியே ஓடும். ஆனால் பல்லச்சு வெளியே வரும் துளை வழியாக எண்ணெய் சிறிது சிறிதாகக் கசியும், மிஞ்சியது கெட்டிப்படும். குப்பியைத் தலைகீழாக ஒரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் சத்தம் நிற்கும் என்று ஒரு பழைய வைத்தியம் உண்டு. நிற்கவும் செய்யும், மறுபடி வரவும் செய்யும். மிச்சமிருக்கும் எண்ணெயை இடம் மாற்றுவதைத் தவிர அதில் வேறெதுவும் நடப்பதில்லை.

சரியான வழி துளை போடுவது. அகலப் பக்கத்தின் விளிம்போரமாக, எதிரெதிரே இரண்டு துளை, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு. மின்துரப்பணம் வேண்டாம், விரலில் உருட்டும் கைத்துரப்பணம்தான் இதற்கு ஏற்றது. தகடு மெல்லியது. பிட் உள்ளே விழப்போகும் தருணம் விரலுக்குத் தெரியும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். துளைக்கும் பக்கம் கீழே பார்த்திருந்தால் துருவல் உள்ளே விழாது. பிறகு சிரிஞ்சில் லைட்டர் திரவத்தை எடுத்து ஒரு துளையில் ஏற்றினால் மறுதுளை வழியே வெளியேறும். முதலில் வருவது ஃபில்டர் காபி டிகாஷன் நிறத்தில் இருக்கும், அதில் கறுப்புத் துகள் மிதக்கும். ஏற்றி, குலுக்கி, சற்று ஊற வைத்து, வடித்து, தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கமே போகாதீர்கள். திரவம் முழுக்க ஆவியாகும்வரை ஒரு இரவு விட்டுவிடுங்கள். ஈரம் மிஞ்சினால் புது எண்ணெயும் நீர்த்துப்போகும்.

என்ன எண்ணெய் என்பதில் ஆளுக்கொரு கட்சி. கடிகார எண்ணெய்தான் வேண்டும் என்பவர்கள் உண்டு. நான் காருக்குப் போடும் மெல்லிய சிந்தெடிக் எண்ணெயைப் போடுகிறேன், எனக்கு அது சரியாக வருகிறது. டபிள்யூடி-40 வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும் கரைப்பான். தேங்காய் எண்ணெய் விடலாமா என்று ஒரு உறவினர் கேட்டார். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், நியூ ஜெர்சி குளிரில் கடிகாரம் மார்ச் வரை தூங்கும். அளவும் முக்கியம். குப்பியை நிரப்பாதீர்கள். நிரம்பினால் ரோட்டர் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும், வேகம் பிடிக்காது. சில சொட்டு ஏற்றி, தகடுகளுக்கிடையே இறங்க நேரம் கொடுத்து, தற்காலிகமாகத் துளையை டேப்பால் மூடி ஓட்டிப் பாருங்கள். கறகறப்பு அடங்கி, காதை வைத்தால் மட்டும் கேட்கும் ரீங்காரம் வந்தால் அது போதுமான அளவு. பிறகு துளைகளை எபாக்ஸி பசையால் அடைத்துவிடலாம். சால்டரும் வைக்கலாம், ஆனால் சூடு உள்ளே போகும் என்பதால் நான் எபாக்ஸி கட்சி.

இதற்குப் பிறகும் சத்தம் இருந்தால் அச்சுத் துளைகளோ பற்களோ தேய்ந்திருக்கின்றன. குப்பியின் விளிம்பைப் பிரித்து உள்ளே வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள், அமெரிக்காவில் இதையே தொழிலாகச் செய்து தபாலில் அனுப்புகிறவர்கள் உண்டு. முதல் முறை செய்யும் ஒருவர் குப்பியைப் பிரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குப்பியின் மேல் பி, எச் என்று வகை எழுத்து இருக்கும். அதையும் வெளிவரும் வேகத்தையும் குறித்துக்கொண்டு மாற்றுக் குப்பி தேடுங்கள். எழுத்து ஒத்து வேகம் மாறினால் நொடி முள் 3.6 மடங்கு வேகத்தில் பறக்கும்.

(உங்கள் கடிகாரத்தின் பின்னால் கையால் சுழற்றிவிடும் குமிழ் இருந்திருந்தால் இந்தப் பதிலே வேறு. ஹேமண்ட் கடிகாரங்கள் அந்த வகை, தாமாக ஓடத் தொடங்காது. கரண்ட் போய் வந்தால் நின்றபடியே இருக்கும். தவறான நேரம் காட்டுவதைவிட நிற்பது நேர்மை என்பது அந்தக் கட்சியின் வாதம். டெலிக்ரான்காரர்கள் அதற்குப் பதிலாகச் சில மாடல்களின் முகப்பில் குட்டி ஜன்னல் வைத்தார்கள், கரண்ட் போனால் அதில் சிவப்பு தெரியும். இதே லாரன்ஸ் ஹேமண்ட் 1935-இல் இந்த வகை மோட்டாரை வைத்துத்தான் ஹேமண்ட் ஆர்கன் என்ற இசைக்கருவியைக் கொண்டுவந்தார். 60 சைக்கிள் ஆர்கனை 50-இல் ஓட்டினால் மூன்று ஸ்வரத்தானத்துக்கு மேல் சுருதி இறங்கிவிடும்.)

இப்போது இந்தியா. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 சைக்கிள். வோல்ட்டைக் குறைக்க ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து வாங்கி வைத்திருப்பவர்கள் பலர். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், சைக்கிளை மாற்றாது. மோட்டார் 3600-க்குப் பதில் 3000 சுற்றும். மணிக்குப் பத்து நிமிடம் என்றால் ஒரு நாளில் நான்கு மணி நேரம் பின்னால். காயிலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சூடாகும்.

50 சைக்கிளுக்கென்றே செய்த பிரிட்டிஷ் ஸ்மித்ஸ் கடிகாரம் வாங்கி மாட்டலாமே என்றால், அங்கே வேறு சிக்கல். நம் மின்தொகுப்பு விதிகளில் அனுமதிக்கப்பட்ட எல்லை 49.90 முதல் 50.05 வரை. 49.90-இல் ஒரு நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 3 நிமிடம் போய்விடும். இது நமக்கு மட்டும் நேர்வதல்ல. 2018 தொடக்கத்தில் செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் நடந்த மின்சாரப் பூசலில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் சைக்கிள் குறைந்து, அடுப்புக் கடிகாரங்களும் அலாரக் கடிகாரங்களும் சுமார் 6 நிமிடம் பின்தங்கின. யாரும் கடிகாரத்தைப் பழுதுபார்க்கவில்லை. மின் நிலையங்கள் பிறகு சைக்கிளை ஏற்றி ஈடுகட்டின.

ஆக, உங்கள் டெலிக்ரானை ஊரில் ஓட்ட ஒரே வழி 60 சைக்கிளை நீங்களே தயாரிப்பது. அமெரிக்காவில் காருக்கு விற்கும் சின்ன இன்வெர்ட்டர் 12 வோல்ட் டிசியை 120 வோல்ட், 60 சைக்கிளாக மாற்றித் தரும். பியூர் சைன் வகையாக (வீட்டு மின்சாரம் போல வழவழப்பான அலை தருவதாக) பார்த்து வாங்குங்கள், மலிவு வகையின் சதுர அலையில் காயில் உறுமும். கடிகாரத்துக்கு வேண்டியது 2 வாட்தான், இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருப்பதற்கே அதைவிட அதிகம் தின்னும். விசிறி இல்லாத மாடல் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் இத்தனை பாடுபட்டு அடக்கிய சத்தத்தை விசிறி போட ஆரம்பிக்கும். வாங்குவதற்கு முன் அது 60-ஐத் துல்லியமாகத் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம்தான் அந்தக் கணக்கைப் பார்க்கிறது. உங்கள் கடைக்காரரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.