ஹெபடைட்டிஸ் சி சிகிச்சையில் ஹீமோகுளோபின் இறங்கினால் மருந்தை நிறுத்திவிடலாமா?

உங்கள் தந்தைக்கு சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் மாத்திரைகளுடன் ரைபாவிரினும் தரப்படுவதாகவும், ஹீமோகுளோபின் (சிவப்பணுக்களின் அளவு) 9.6க்கு வந்துவிட்டதால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரைபாவிரின் சேர்த்திருப்பதால், கல்லீரல் ஏற்கெனவே சுருங்கி வயிற்றில் நீர் கோத்த நிலையில் அவர் இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறேன். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அந்த அறிக்கையை இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் கணவருக்கு, இந்த மாத்திரைகள் வருவதற்கு முந்தைய இன்டர்ஃபெரான் காலத்தில், வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசியும் தினமும் ரைபாவிரினுமாக 24 வாரச் சிகிச்சை நடந்தது. தொடக்கத்தில் 14க்கு மேல் இருந்த ஹீமோகுளோபின் முதல் மாதம் முடிவதற்குள் 10க்குக் கீழே இறங்கியது. மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்பார். மூச்சு வாங்குவதை நான் பார்த்துவிடக் கூடாதென்று செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வார். வந்து பார்த்த உறவினர்கள் எல்லாரும் பீட்ரூட், மாதுளை, முருங்கைக்கீரை, இரும்புச்சத்து டானிக் என்றே சொன்னார்கள். அவர்களுடைய அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரைபாவிரின் சிவப்பணுக்களுக்குள் சேர்ந்து, அவற்றின் ஆயுள் முடியுமுன்பே அவை உடைந்துபோகச் செய்கிறது. உடைந்த அணுக்களில் இருந்த இரும்பு உடலிலேயே தங்கிவிடுகிறது. இரும்புக் குறைபாடு இல்லாத கல்லீரல் நோயாளிக்கு மேலும் இரும்பைக் கொடுப்பது நல்லதன்று என்று எங்கள் மருத்துவர் விளக்கிவிட்டு, ரைபாவிரினை 800 மில்லிகிராமிலிருந்து 600 ஆகக் குறைத்தார். இதய நோய் இல்லாதவர்களுக்கு 10க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பதும், 8.5க்குக் கீழே போனால் ரைபாவிரினை நிறுத்துவதும் அப்போதைய நடைமுறை. இதய நோய் உள்ளவர்களுக்கோ நான்கு வாரத்தில் 2 கிராம் இறங்கினாலே அளவைக் குறைக்க வேண்டும்.

மருத்துவரல்லாதவள் எண்களைச் சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவை வீட்டில் எடுப்பதற்காக அல்ல, அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

இன்னொரு மனக்குறையும் எனக்கு உண்டு. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசியை எங்களுக்கு எழுதித் தந்தார்கள். படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருவோம், வெளிநோயாளியாகப் போட்டுக்கொண்டால் கிடையாது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. நடமாடிக்கொண்டே மாதக்கணக்கில் சிகிச்சை பெறும் நோயாளியை இந்த விதிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இன்று ஹெபடைட்டிஸ் சி மருந்துகள் அரசு மையங்களில் இலவசமாகக் கிடைப்பது அதனாலேயே எனக்குப் பெரிய ஆறுதல்.

உங்கள் தந்தையின் விஷயத்தில், ஹீமோகுளோபின் இறங்கியது ரைபாவிரினாலா, இரத்தக் கசிவாலா என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாய் இரத்தநாளங்கள் கசிந்தும் ஹீமோகுளோபின் இறங்கலாம். மலம் கறுத்துப் போனாலோ இரத்த வாந்தி எடுத்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் அதற்குப் பெரும்பாலும் வீங்கிய மண்ணீரலே காரணம். பப்பாளி இலைச்சாறு அதைச் சுருக்கிவிடாது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரைபாவிரின் உடலில் தேங்கும் என்பதால் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ரைபாவிரின் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால், அதை விட்டுவிட்டு மற்ற இரண்டு மருந்துகளையும் 12 வாரத்துக்குப் பதில் 24 வாரம் தரும் வழியும் உண்டு. அது அவருக்குப் பொருந்துமா என்று தயங்காமல் கேளுங்கள்.