நேர்காணல் ஆய்வில் போலிப் பங்கேற்பாளர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்களைவிட மனிதர்களின் அனுபவங்களைப் பேசிக் கேட்டு அறியும் பண்புசார் ஆய்வுக்கு இணையம் வழியாக ஆள் சேர்ப்பதாகவும், வருபவர்களில் சிலர் பொய் சொல்கிறார்களோ என்று சந்தேகமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சந்தேகம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நானும் இதில் சூடுபட்டிருக்கிறேன்.

மறதி நோய் வந்த பெற்றோரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர்களின் அனுபவம்தான் என் ஆய்வுப் பொருள். யாரெல்லாம் தகுதியானவர்கள், பேசினால் எவ்வளவு மதிப்புள்ள பரிசு அட்டை கிடைக்கும் என்பதையெல்லாம் சமூக ஊடகத்தில் வெளிப்படையாகப் போட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் வந்தவர்கள் மூன்று பேர். பிறகு ஒரே இரவில் நாற்பதுக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள். அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பெயருக்குப் பின்னால் எண்களைக் கோத்த முகவரிகள், என் அறிவிப்பின் வரிகளையே எனக்குத் திருப்பி அனுப்பிய கடிதங்கள். எதுவும் அன்று உறைக்கவில்லை.

அவர்களில் முதல் நேர்காணலுக்கு வந்தவர், கேமரா வேலை செய்யவில்லை என்றார். "பராமரிப்பது சவாலானது, ஆனால் மனநிறைவு தருகிறது" என்றார். நேற்று மாலை என்ன நடந்தது என்று கேட்டேன். நீண்ட மௌனம், பிறகு மறுபடியும் அதே சவால், அதே மனநிறைவு. இரண்டு நாள் கழித்து வேறொரு பெயரில் அதே குரல் பேசியது. முதலில் அம்மாவாக இருந்தவர் இப்போது அப்பாவாகியிருந்தார்.

இதே கேள்வியை உண்மையாகவே பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் கேட்டபோது, அம்மா மூக்குக்கண்ணாடியைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்ததையும், தெரிந்தும் தெரியாததுபோலத் தானும் சேர்ந்து தேடியதையும் சொல்லிக்கொண்டே போனார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஆயிரம் பேரிடம் எடுக்கும் கணக்கெடுப்பில் சில பொய்கள் கரைந்துபோகலாம். 15 பேரிடம் பேசும் ஆய்வில் மூன்று பேர் போலி என்றால், அது ஐந்தில் ஒரு பங்கு. இன்னொரு ஆபத்தும் உண்டு. போலிகள் பொதுப்படையாகப் பேசுவதால், பலர் பேச்சிலும் திரும்பத் திரும்ப வருவதை வைத்து நாம் வகுக்கும் கருப்பொருள்களுக்குள் அவர்களின் பேச்சுதான் கச்சிதமாகப் பொருந்தும். மேற்கோளாக எடுத்துப்போட ஆசை வரும்.

இப்போது தொகையையும் முழுத் தகுதிப் பட்டியலையும் பொதுவெளியில் போடுவதில்லை. ஆதரவுக் குழுக்கள், மருத்துவர்கள் வழியாகவே அழைப்பை அனுப்புகிறேன். நேர்காணலுக்கு நாள் குறிப்பதற்கு முன் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசுகிறேன். "மறதி நோயாளியைப் பராமரிக்கிறீர்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்பார்கள்; அதனால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் தொடங்குகிறேன். மின்னஞ்சல் வழி நேர்காணலைக் கைவிட்டுவிட்டேன். செயற்கை நுண்ணறிவு எழுதிய பதிலைக் கண்டுபிடிக்க என்னால் முடியாது.

தகுதியில்லை என்று தெரிந்தால் நேர்காணலை நிறுத்தலாம், பரிசு தரப்படாது என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதி, ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். நான் வாங்காததால் அந்தக் குரலுக்கு இரண்டு முறை பரிசு அட்டை அனுப்பினேன். நீக்கிய நேர்காணல்கள் எத்தனை, ஏன் நீக்கினீர்கள் என்பதையும் ஆய்வறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.

ஆனால் கேமராவை அணைத்துவைப்பதையோ, பணத்தைப் பற்றி விசாரிப்பதையோ மட்டும் வைத்து யாரையும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். கையில் பணமில்லாதவர் பணத்தைப் பற்றிக் கேட்கத்தான் செய்வார். பிறகு ஒருமுறை, கேமராவும் இல்லாமல் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன ஒரு பெண்ணின் அழைப்பை வெட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கொஞ்சம் பொறுங்கள், அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். தூங்கியதும் பேசுகிறேன்."