மழைக்காலப் பூச்சி கேள்வி பதில்

கேள்வி: குளியலறையில் தினமும் மரவட்டை வருகிறது. கடிக்குமா? பூரானா என்றும் சந்தேகம்.

பதில்: மரவட்டை கடிக்காது. உடலில் வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால் இருந்தால் மரவட்டை, ஒரு ஜோடி என்றால் பூரான். தொட்டால் மரவட்டை சுருண்டுகொள்ளும், பூரான் ஓடும். பூரானின் முன்ஜோடிக் கால்தான் விஷக் கொடுக்காக மாறியிருக்கிறது. மண் ஊறிப்போனதால் மரவட்டை மேலே ஏறி வருகிறது. முறத்தில் தள்ளித் தோட்டத்தில் விடுங்கள், சருகைத் தின்று மண்ணாக்கும். கையால் மட்டும் எடுக்காதீர்கள். சில வகைகள் கசியவிடும் திரவம் தோலை எரிக்கும்.

கேள்வி: வால்பாறையில் அட்டை கடித்து ரத்தம் நிற்கவே இல்லை. இதுவும் மரவட்டை இனமா சார்?

பதில்: பெயர்தான் ஒன்று. கடிக்கும் அட்டை, மண்புழுவுக்கு உறவு. அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாது, அதனால்தான் கசிவு. சோப்பு போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஒட்டியிருக்கும்போது நெருப்பு வைக்காதீர்கள். நகத்தால் நெம்பினால் போதும்.

கேள்வி: கொல்லையில் பாம்புச் சட்டை கிடந்தது. எந்தப் பாம்பு?

பதில்: பாம்புக்கு முதுகெலும்பு உண்டு, இந்தப் பகுதி முதுகெலும்பு இல்லாதவற்றுக்கு மட்டும். பாம்பு அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: செம்மண்ணில் சிவப்பாக, வெல்வெட் துணி மாதிரி ஒரு பூச்சி. மகள் தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள். என்ன தீனி போடலாம்?

பதில்: இன்றே மண்ணில் விடச் சொல்லுங்கள் அம்மா. ஊருக்கு ஊர் பட்டுப்பூச்சி, தம்பலப்பூச்சி என்பார்கள். ஈரமண்ணில் குங்குமத் துளி உருண்டு போவது போல இருக்கும். விரல் பட்டதும் காலை மடக்கி அப்படியே கிடக்கும். வருடத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள்தான். முதல் மழைக்கு வெளியே வருவது இரை தேடவும் இணை தேடவும். அந்தச் சில நாளைத் தீப்பெட்டியில் கழித்தால் அடுத்த தலைமுறை ஏது? இன்னொன்று, இது பூச்சி இனமே அல்ல. எட்டுக் கால், சிலந்தி, உண்ணி வகையறா.

கேள்வி: பெயரிலேயே பூச்சி இருக்கிறதே! அல்ல என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: தமிழில் பூச்சி என்பது அகலமான சொல். சிலந்தியையே எட்டுக்கால் பூச்சி என்கிறோம், அதில் தவறில்லை. விலங்கியலில் ஆறு காலும், தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதியும் உள்ளதே பூச்சி.

கேள்வி: மரவட்டை கடிக்குமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். கையால் எடுக்காதீர்கள்.

கேள்வி: நான் லென்ஸில் பார்த்தேன் அண்ணா, வெட்டுக்கிளி மேல் ஒட்டியிருந்த சிவப்புக் குஞ்சுக்கு ஆறு கால்தான். அப்போது அது பூச்சியா?

பதில்: அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி! தம்பலப்பூச்சியின் குஞ்சு ஆறு காலோடுதான் பொரிக்கும். வெட்டுக்கிளி போன்றவற்றில் ஒட்டி உறிஞ்சி வளர்ந்து, அடுத்த பருவத்தில்தான் எட்டுக் கால் வரும். ஆகவே கால் கணக்கு வளர்ந்த உயிருக்குத்தான் பொருந்தும். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். குஞ்சுக்கும் உணர்கொம்பு கிடையாது, பூச்சிக்கு உண்டு. அடுத்த முறை லென்ஸில் தலைப்பக்கம் பாருங்கள்.

கேள்வி: தேள் கொட்டினால் வீட்டு வைத்தியம்?

பதில்: வேண்டாம். குழந்தை என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

கேள்வி: மரவட்டைக்கு உப்புப் போடலாமா?

பதில்: வேண்டாம். முறம்.