ஏழு வரிசை தள்ளி ஓர் இருக்கை

கேள்வி: எங்கள் மகனுக்கு ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. என் கணவரின் அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வர அடுத்த மாதம் கிளம்புகிறோம், 10 மணி நேர விமானப் பயணம். ஒரு வயதுக்கு முன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகக் கூடாது என்கிறார் அம்மா. தவழ ஆரம்பிப்பதற்குள் போய் வந்துவிடு என்கிறார்கள் தோழிகள். குழந்தை அழுதால் என் கணவரால் தூங்க முடியாது, போய் இறங்கிய மறுநாளே அவருக்கு ஆன்லைனில் ஆபீஸ் வேலை இருக்கிறது. அதனால் அவருக்கு மட்டும் ஏழு வரிசை தள்ளி இருக்கை போட்டிருக்கிறோம். அதை நான் சமாளித்துக்கொள்வேன். எந்த வயதில் குழந்தையோடு பயணம் தொடங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, வயதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்து ஓரிரு வாரம் ஆன குழந்தையைக்கூடப் பல விமான நிறுவனங்கள் ஏற்றிக்கொள்கின்றன. ஏற்றிக்கொள்கிறார்களே என்பதற்காகப் போக வேண்டியதில்லை. முதல் 3 மாதத்தில் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். அந்த வயதில் கூட்டத்துக்குள் கொண்டுபோவதை, வேறு வழியே இல்லை என்றால் ஒழிய, நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரசவமான முதல் 6 வாரம் தாய்க்கும் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம், மணிக்கணக்கில் உட்கார்ந்தே போவது அவளுக்கும் நல்லதில்லை. குறைமாதக் குழந்தை, இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு உள்ள குழந்தை என்றால் எத்தனை மாதமானாலும் டாக்டர் சரி என்ற பிறகுதான் விமானம். ஏனென்றால், பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடும்.

உங்கள் மகன் ஐந்து மாதத்தைத் தாண்டிவிட்டான். தோழிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தவழவும் நடக்கவும் தொடங்கிய பிள்ளையை, இரண்டு வயது தாண்டும்வரை, ஓர் இருக்கைக்குள் அடக்கி வைப்பது பெரும்பாடு. உங்கள் குழந்தை டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள். தட்டம்மைத் தடுப்பூசியை வழக்கமாக 9 மாதத்திலோ 12 மாதத்திலோதான் போடுவார்கள். வெளிநாடு போகும் குழந்தைக்கு 6 மாதம் முடிந்ததும் முன்கூட்டியே ஒரு டோஸ் போடுவதும் உண்டு. அது கூடுதல் டோஸ்தான், வழக்கமானவற்றைப் பிறகு விடாமல் போட வேண்டும். பாதுகாப்பு வர ஏறக்குறைய 2 வாரம் ஆகும். அதற்காகத் தேதியைத் தள்ள வேண்டியிருந்தால் தள்ளுங்கள்.

சரி, இப்போது அந்த ஏழு வரிசைக்கு வருகிறேன்.

போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். இதையே வேறு வேறு விதமாக எனக்கு எழுதிய பெண்கள் நிறையப் பேர். ரயிலில் கணவர் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துவிடுவார். ஹோட்டலில் குழந்தை அழுதால் இவள் தூக்கிக்கொண்டு வெளியே வந்து வராந்தாவில் உலாத்துவாள். ஒருத்திகூட அதைப் புகாராக எழுதியதில்லை. உங்களைப் போலவே, குழந்தையின் வயதைத்தான் கேட்பார்கள்.

அந்த 10 மணி நேரம் எப்படிப் போகும் என்று யோசித்தீர்களா? 2 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தனி இருக்கை எடுக்கவில்லை என்றால் உங்கள் மடிதான் அவன் இருக்கை. முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டிலைக் கேட்டு வாங்கினாலும், விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிறவனைத் தூக்கிவிடச் சொல்வார்கள். கழிவறைக்கு யாரிடம் கொடுத்துவிட்டுப் போவீர்கள்? சாப்பாட்டுத் தட்டு வந்தால் எங்கே வைப்பீர்கள்? உங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருப்பார். மறுநாள் அவருக்கும் வேலை இருக்கும். உங்கள் பிள்ளையின் அழுகையை அந்த மனிதர் 10 மணி நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும், பெற்றவர் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

விமானம் இறங்கத் தொடங்கும்போதுதான் குழந்தைக்குக் காது அதிகம் வலிக்கும். அப்போது பால் கொடுங்கள், விழுங்க விழுங்க அழுத்தம் சரியாகும். வலி தாளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்துகிற பிள்ளைக்குப் பாலூட்ட, கூட இரண்டு கை வேண்டும். போய் இறங்கிய பிறகும் ஓய்வு கிடையாது. நேர வித்தியாசம் இருந்தால் சில நாட்களுக்கு அவன் நடுராத்திரியில் விழித்துக்கொண்டு விளையாடுவான். அந்த இரவுகளிலும் உங்கள் கணவர் தூங்க வேண்டியிருக்கும். மறுநாள் வேலை என்று அவருக்குத்தான் கணக்கு. உங்கள் மறுநாளை யாரும் வேலை என்று கணக்கில் எடுக்கவில்லை, நீங்களும் எடுக்கவில்லை.

அதனால் அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "நான் சமாளித்துக்கொள்வேன்" என்று எழுதியவர் நீங்கள். குழந்தை அழும்போதெல்லாம் நீங்களே ஓடி, அவர் தூக்கத்துக்குக் காவல் இருந்து, பெற்ற பிள்ளையைத் தேற்றத் தெரியாத அப்பாவாக அவரை ஆக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இதைத் தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் வந்து நிற்கிறீர்கள். பாலூட்டுவது ஒன்றுதான் உங்களால் மட்டும் முடிகிற காரியம். ஏப்பம் விட வைப்பது, டயப்பர் மாற்றுவது, தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைப்பது எல்லாம் இருவருக்கும் பொது. சம்பாதித்துக் கொடுப்பதால் இதிலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். எட்டு, ஒன்பது மாதத்தில் குழந்தைகள் பழகிய ஆளையே ஒட்டிக்கொள்வார்கள், மற்றவர் தூக்கினால் வீறிடுவார்கள். இப்போது பழகாத கையை அப்போது உங்கள் மகன் உதறுவான். அந்த நேரத்தில், "அவன் என்கிட்ட வரவே மாட்டேங்கிறான்" என்று அவர் சொல்வார், நீங்களும் ஆமாம் என்று வாங்கிக்கொள்வீர்கள்.

பயணத்தில் தூங்க வைக்க ஏதாவது மருந்து கொடு என்று யாராவது சொல்வார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். சளி, அலர்ஜி மருந்தைத் தூக்கத்துக்காகக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் மூச்சையே பாதிக்கலாம். சில பிள்ளைகள் தூங்குவதற்குப் பதிலாக இன்னும் முரண்டு பிடிப்பார்கள்.

கிளம்புவதற்கு முன் இரண்டு விடுமுறை நாட்களில், பாலைப் பிழிந்து வைத்துவிட்டுச் சில மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே போங்கள். அவர் போன் செய்தால், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் தவிர, திரும்பி ஓடாதீர்கள். பயணத்துக்கான பையை அவரே அடுக்கட்டும், எது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரிய வேண்டும். விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு, தொட்டில் மாட்டும் வரிசையில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகள் கேளுங்கள். தொட்டிலுக்கு எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதையும் கேட்டுவிடுங்கள். இரவு நேர விமானமாக இருந்தால் பாதி நேரம் ஒருவர், பாதி நேரம் இன்னொருவர் விழித்திருங்கள். மறுநாள் வேலை செய்ய முடியாது என்றால், அவர் ஒரு நாள் லீவு போடட்டும்.

இதெல்லாம் நடந்தால் அடுத்த மாதமே தைரியமாகப் போங்கள். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். உங்கள் கணவர் இதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். கொஞ்சம் பணம் போகும், போகட்டும். ஏன் வரவில்லை என்று அண்ணன் கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள், போனை அவரிடம் கொடுங்கள்.