உச்சிப்புளி மனை: லைக் வருகிறது, போன் வரவில்லை

ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளியில் உள்ள மனைகளை விற்க, பாம்பன் கடலோடு டிரோன் வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் பூஸ்ட் செய்தீர்கள் (பணம் கட்டிப் பதிவை நிறையப் பேருக்குக் காட்டுவது); 400 லைக் வந்தும் ஒரு போன்கூட வரவில்லை என்கிறீர்கள். பூஸ்ட் பட்டனை விட்டுவிட்டு, ஃபேஸ்புக்கின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜரில் வாட்ஸ்அப் மெசேஜை நோக்கமாக வைத்துப் புது விளம்பரம் போடுங்கள். போன் வராததற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பூஸ்ட்தான். சும்மா பூஸ்ட் செய்தால் பெரும்பாலும் லைக் போடுகிறவர்களையே தேடிப் பிடித்துக் காட்டும். பாம்பன் கடலைக் காட்டினால் யார்தான் லைக் போடமாட்டார்கள்?

பழைய விளம்பரத்தின் முடிவுகளை வயது, இடம் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எல்லாம் ராமநாதபுரத்தைச் சுற்றியுள்ள இருபது வயதுப் பையன்கள் என்றால் விளம்பரம் காட்டப்படும் இடத்தை மாற்ற வேண்டும். கீழக்கரை, தொண்டிப் பக்கத்து ஆட்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி விளம்பரம், தமிழிலேயே. அப்புறம் டிரோன் காட்சியைக் குறைத்து, மெயின் ரோட்டிலிருந்து மனைவரை நடந்தே வீடியோ எடுங்கள். விலையையும் சொல்லிவிடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ்" என்று பார்த்தால் நானே தள்ளிவிட்டுப் போய்விடுவேன்.

ஒரு எச்சரிக்கை. லேஅவுட் (மனைப்பிரிவு) 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு எண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர்கள் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, அதனால் அவர்களுக்கு அங்கீகாரம் பெற்ற வீட்டுமனையை மட்டும் காட்டுங்கள்.